அமெரிக்கத் தேசியத் தொழிலாளர் உறவுகள் வாரியம்: உறுப்பினர் எண்ணிக்கை மாற்றம் பற்றிய திறனாய்வு

ஐக்கிய அமெரிக்காவில் தொழிற்சங்க உரிமை தொடர்பான புகார்களை விசாரித்துத் தீர்ப்பளிக்கும் அரசு அமைப்பு தேசியத் தொழிலாளர் உறவுகள் வாரியம் ஆகும். 1935ஆம் ஆண்டின் வாக்னர் சட்டம் இதை மூன்று உறுப்பினர்களுடன் உருவாக்கியது. 1947இல் டாஃப்ட்–ஹார்ட்லி சட்டம் அந்த எண்ணிக்கையை ஐந்தாக உயர்த்தியது.

மாற்றத்தின் பயன்

பெருகிவந்த வழக்குகளை மூவர் கொண்ட குழுக்களாகப் பிரிந்து விசாரிக்க இம்மாற்றம் வழிசெய்தது. வேலைச்சுமை பகிரப்பட்டது. இது மறுக்க முடியாத நன்மை.

குறைபாடு

எண்ணிக்கையுடன் குறைவெண்ணும் உயர்ந்தது. முதல் சட்டப்படி இருவர் இருந்தாலே வாரியம் இயங்கலாம். 1947க்குப் பின் மூவர் தேவை. உறுப்பினர் பதவிக்காலம் ஐந்து ஆண்டுகள். ஆண்டுக்கு ஓர் இடம் காலியாகும். புதியவரைக் குடியரசுத் தலைவர் நியமித்து, செனட் ஒப்புதல் தர வேண்டும். இரு கட்சிகளும் பிணங்கினால் நாற்காலிகள் ஒவ்வொன்றாகக் காலியாகின்றன.

2008 தொடக்கம் முதல் 27 மாதங்கள் வாரியத்தில் இருவரே இருந்தனர். அவர்கள் ஏறத்தாழ 600 வழக்குகளை முடித்தனர். 2010இல் நியூ பிராசஸ் ஸ்டீல் வழக்கில் உச்ச நீதிமன்றம், இருவருக்கு அந்த அதிகாரம் இல்லை என்று 5–4 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. பழைய மூவர் வாரியமாக இருந்திருந்தால் அதே இருவரின் முடிவு செல்லுபடியாகியிருக்கும். 2025 சனவரியில் ஓர் உறுப்பினர் நீக்கப்பட்டபோதும் இருவரே எஞ்சினர்; வாரியம் தீர்ப்பளிக்கும் தகுதியை மீண்டும் இழந்தது.

பாதிக்கப்படுவோர்

சங்கம் அமைத்ததற்காக வேலை இழந்த தொழிலாளி, இச்சட்டத்தின் கீழ் நேரடியாக நீதிமன்றத்தில் வழக்குத் தொடர முடியாது. வாரியமே அவருக்குரிய வழி. வாரியம் முடங்கினால், மேல்முறையீடு செய்த நிறுவனத்துக்குத் தாமதமே ஆதாயமாகிறது. தொழிலாளிக்கோ அது சம்பளமில்லாத காலம்.

மதிப்பீடு

1947இன் திருத்தம் நாற்காலிகளைக் கூட்டியதே தவிர, அவை நிரம்பியிருக்க வழி காணவில்லை. கூட்டாட்சி வணிக ஆணையத்தில், பதவிக்காலம் முடிந்தவர் தமக்குப் பின் வருபவர் பொறுப்பேற்கும் வரை நீடிக்கலாம். தொழிலாளர் வாரியத்துக்கு அத்தகைய விதி இல்லை. உறுப்பினரை இடையில் நீக்குவதால் வரும் முடக்கத்தை அவ்விதி தடுக்காது. ஆனால் 2008இல் நேர்ந்தது போன்ற முடக்கத்தைத் தவிர்த்திருக்கும். ஆகவே, ஆணையத்தின் அளவை மாற்றும் எந்தச் சட்டமும், காலியிடம் ஏற்படும்போது வேலை எப்படி நடக்கும் என்பதையும் சேர்த்தே வகுக்க வேண்டும்.