சாகாத ஜமீன்தார்: ‘நெஞ்சம் மறப்பதில்லை’ – ஒரு மறுநோக்கு

ஸ்ரீதரின் இயக்கத்தில் 1963இல் வெளிவந்த ‘நெஞ்சம் மறப்பதில்லை’ இன்று பெரும்பாலும் அதன் தலைப்புப் பாடலாலேயே நினைவுகூரப்படுகின்றது. பகுத்தறிவுக்கு ஒவ்வாத மறுபிறவிக் கதையென அதனை ஒதுக்கிவிடுதல் எளிது. முற்போக்கு விமர்சனத்தின் பொதுவான மனப்பாங்கும் அதுவே. அம்முடிவு அவசரமானது என்பது நமது கருத்து.

நண்பனின் ஊருக்குச் செல்லும் இளைஞன் ஒருவனுக்கு (கல்யாண்குமார்) சிதைந்த மாளிகையொன்று முற்பிறவியின் நினைவைக் கிளர்த்துகின்றது. முற்பிறவியில் அவன் ஜமீன்தாரின் மகன். ஏழைப் பெண்ணொருத்தியை (தேவிகா) நேசித்தவன். ஜமீன்தார் (எம். என். நம்பியார்) அக்காதலை உயிர்ப்பலியில் முடித்துவைத்தான். காதலர் இருவரும் மீண்டும் பிறந்துவிட்டனர். அவனோ நூறு வயதைக் கடந்தும் இறக்கவில்லை. மீண்டும் கொல்லக் காத்திருக்கின்றான்.

இதற்கு முன்னர், ரித்விக் கட்டக் கதையெழுதி பிமல் ராய் இயக்கிய ‘மதுமதி’ (1958) இதையொத்த கருவைக் கையாண்டது. அங்கே கொல்லப்பட்டவளே ஆவியாய் வந்து நீதி கேட்கின்றாள். ஸ்ரீதரின் படத்திலோ அச்சந் தருவது இறந்தவரின் ஆவியன்று, இறக்க மறுக்கும் நிலவுடைமையாளனே. உயிரிழந்தவர்கள் மறுபடி பிறந்து வரவேண்டியிருக்கின்றது. உயிரைப் பறித்தவனுக்கு அந்தத் தேவையுமில்லை. இத்திரைப்படத்தின் உண்மையான திகில் இதுவே.

சென்னை மாகாணத்தில் ஜமீன்தாரி ஒழிப்புச் சட்டம் 1948இல் நிறைவேறியது. பதினைந்து ஆண்டுகளின் பின் வந்த இப்படத்தில் மாளிகை இடிந்துவிட்டது. அதன் அதிகாரம் உயிரோடிருக்கின்றது. சட்டத்தால் ஒழிக்கப்பட்டதொன்று சமூக உறவுகளில் நீடித்தமையை, இயக்குநர் கருதியோ கருதாமலோ, படம் உணர்த்திவிடுகின்றது.

ஊவாவிலிருந்து பார்க்கும்போது இதன் பொருள் மேலும் துலங்குகின்றது. அதே 1948இல்தான் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தொழிலாளரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிருவாகம் தனியார் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டது. உடைமையாளர் பெயர் மாறிய ஒவ்வொரு தடவையும் துரை பங்களா மேட்டிலும் லயம் பள்ளத்திலுமே இருந்தன. பசறையிலும் ஹாலிஎலவிலும் பழைய பங்களாவில் உலவும் வெள்ளைத்துரையின் ஆவி பற்றிய கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அவற்றை வெறும் மூடநம்பிக்கை எனக் கொள்ளுதல் போதாது. போய்விட்டதாகச் சொல்லப்பட்ட ஆதிக்கம் போகவில்லை என்னும் அனுபவ அறிவும் அவற்றில் உறைந்துள்ளது.

கலைநுட்பமும் இப்பொருளுக்குத் துணைநிற்கின்றது. ஏ. வின்சென்ட்டின் ஒளிப்பதிவில் மாளிகையின் நிழலே ஒரு பாத்திரமாகின்றது. அடுத்த ஆண்டில் மலையாளத்தில் ‘பார்கவி நிலையம்’ என்னும் ஆவிக்கதைப் படத்தை இயக்கியவரும் அவரே. நம்பியார் தம் வழக்கமான வில்லன் பாணியைக் கடந்து, தளர்ந்த உடலுக்குள் தளராத வன்மத்தைக் காட்டுகின்றார்.

எனினும் குறைபாட்டை மறைத்தல் தகாது. வர்க்கப் பகை இங்கு தனிமனிதக் கொடுமையாகச் சுருங்கிவிடுகின்றது. உழுதவர்கள் பின்னணியிலேயே நின்றுவிடுகின்றனர். ஜமீன்தாரின் வீழ்ச்சி அவர்தம் செயலால் நிகழ்வதன்று. கேள்வியைச் சரியாக எழுப்பிய படம் விடையை ஊழிடம் ஒப்படைத்துவிட்டது.

ஆயினும் அக்கேள்வி மதிப்புடையது. இத்தகைய படங்களையும் நமது தோட்டங்களின் பேய்க்கதைகளையும் ஒருங்குவைத்து ஆராய்தல் மலையக ஆய்வாளர்முன் உள்ள பணியாகும். அக்கதைகளைச் சொல்லும் முதியோர் இருக்கும்போதே அது தொடங்கப்படல் வேண்டும்.