பெனடெட்டோ பிஸ்ட்ரூச்சி

பெனடெட்டோ பிஸ்ட்ரூச்சி (1783–1855) ரோம் நகரில் பிறந்த மணிக்கல் செதுக்குக் கலைஞர். நாணய, பதக்க வடிவமைப்பாளர். பிரித்தானிய சவரன் தங்க நாணயத்தில் உள்ள புனித ஜார்ஜ் உருவத்தை வடித்தவர்.

வாழ்க்கை

பிஸ்ட்ரூச்சி 1815இல் லண்டன் சென்றார். ரிச்சர்ட் பெய்ன் நைட் என்ற சேகரிப்பாளர் பழங்காலப் படைப்பென நம்பி வாங்கியிருந்த ஃப்ளோரா தேவதையின் மணிக்கல் சிற்பத்தைத் தாமே செதுக்கியதாக இவர் கூறியது சர்ச்சையானது. பின்னர் அரச நாணயச்சாலைக்குப் பணியாற்றினார். 1817இல் தலைமைச் செதுக்குநர் பதவி காலியானபோது, அயல்நாட்டவர் என்பதால் அது இவருக்கு முறைப்படி வழங்கப்படவில்லை. சிற்பி சாண்ட்ரியின் அரசர் சிலையைப் பார்த்து நாணயம் வடிக்க 1822இல் மறுத்தார். பிறர் படைப்பை நகலெடுக்க அவர் இசையவில்லை. 1828இல் வில்லியம் வையன் தலைமைச் செதுக்குநர் ஆனார். பிஸ்ட்ரூச்சிக்குத் தலைமைப் பதக்கக் கலைஞர் பதவி கிடைத்தது.

சவரன் நாணயம்

1817இல் வெளிவந்த சவரனில் புனித ஜார்ஜ் உடைந்த ஈட்டியுடன் காணப்படுகிறார். 1821 முதல் ஈட்டிக்குப் பதிலாக வாள் இடம்பெற்றது. போர்க்கவசம் இல்லாத வீரர் அவ்வளவு சிறிய வாளால் டிராகனை எப்படிக் கொல்வார் என்பது இந்த உருவத்தின் மீதான நியாயமான குறை. ஆயினும் பாயும் குதிரை, பறக்கும் மேலங்கி, காலடியில் சுருளும் டிராகன் ஆகிய மூன்றும் 22 மில்லிமீட்டர் வட்டத்தில் நெருக்கடியின்றிப் பொருந்துகின்றன. போர் நுட்பத்தில் பிழை இருந்தாலும் வட்டத்தை நிரப்பும் முறையில் பிழையில்லை. மணிக்கல்லின் சிறிய பரப்பில் பெற்ற பயிற்சி இங்கே கைகொடுத்தது. 1825இல் நீக்கப்பட்ட இவ்வுருவம் 1871இல் மீண்டும் வந்தது. 1918இல் பம்பாயிலும் இதே உருவத்துடன் சவரன்கள் அச்சிடப்பட்டன.

வாட்டர்லூ பதக்கம்

வாட்டர்லூ வெற்றிக்கான பதக்கப் பணி 1819இல் இவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அச்சுகள் 1849இல்தான் முடிந்தன. அதற்குள் பதக்கம் பெறவேண்டிய அரசர்கள் அனைவரும் இறந்துவிட்டனர். அச்சுகள் மிகப் பெரியவை. கடினப்படுத்தினால் உடையும் என்ற அச்சத்தால் உலோகத்தில் பதக்கம் அடிக்கப்படவில்லை. மின்முலாம் முறையில் நகல்கள் எடுக்கப்பட்டன.

மதிப்பீடு

பதவி மறுக்கப்பட்டதில் பிஸ்ட்ரூச்சிக்கு அநீதி நேர்ந்தது. ஆனால் 30 ஆண்டுத் தாமதத்துக்கு அது முழுக் காரணமாகாது. பயன்படவேண்டிய பொருளைக் காட்சிப் பொருளாகக் கருதியதும் ஒரு காரணம். நாணயம் கைமாற வேண்டும், பதக்கம் அச்சில் அடிபட வேண்டும். இந்த எல்லைக்குள் நின்று அவர் செய்த சிறிய வேலையே நிலைத்தது. தமிழ்நாட்டில் 8 கிராம் தங்கத்தை இன்றும் ஒரு சவரன் என்றே சொல்கிறார்கள். அந்தப் பெயருக்கு உரிய நாணயத்தின் முகம் பிஸ்ட்ரூச்சி வடித்தது.