அயலான் மேல் ஏவும் நஞ்சு: விஞ்ஞானக் கதைகளும் நம் தங்கவயலும்

ஆண்டு மலர் என்றால் சங்க இலக்கியம், திருக்குறள், சிலம்பு பற்றிக் கட்டுரை வருவதுதான் வழக்கம். வேற்றுக் கிரகவாசிகளோடு சண்டை போடும் விஞ்ஞானக் கதைகளுக்கு இங்கே என்ன வேலை என்று பெரியவர்கள் கேட்கலாம். நம் வீட்டுப் பிள்ளைகள் இன்று அதிகம் பார்ப்பதும் படிப்பதும் இத்தகைய கதைகளைத்தான். அவற்றில் அடிக்கடி வரும் ஒரு காட்சி, தங்கவயல்காரர்களாகிய நம்மை நேரடியாகத் தொடுவது. எனவேதான் இச்சிறு ஆய்வு.

காட்சி இதுதான். வானத்திலிருந்து பகைவன் இறங்கிவிட்டான். துப்பாக்கி பலிக்கவில்லை, குண்டும் பலிக்கவில்லை. அப்போது ஒரு விஞ்ஞானி குப்பி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வருகிறார். அதிலிருக்கும் விஷவாயுவை ஏவினால் பகைவன் கூட்டம் கூட்டமாகச் சாகிறான். "மனுஷன் மேல போட்டாத்தானே பாவம், இது வேற ஜென்மம்தானே" என்று நாமும் கைதட்டிவிட்டு எழுந்து வருகிறோம். இந்த நியாயம் சரிதானா என்பதே கேள்வி.

இவ்வகைக் கதைகளுக்கு மூத்தவர் எச்.ஜி.வெல்ஸ். 1898இல் நூலாக வந்த 'தி வார் ஆஃப் தி வேர்ல்ட்ஸ்' நாவலில் விஷவாயுவை ஏவுகிறவர்கள் செவ்வாய்க் கிரகவாசிகள்; சாகிறவர்கள் இங்கிலாந்து மக்கள். அந்தக் கரும்புகை காற்றைவிடக் கனமானது. மேட்டை விட்டுப் பள்ளத்தைத் தேடித் தேடி நிரப்பும். வெல்ஸ் எழுதிப் பதினேழு ஆண்டு கழித்து, 1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தின் ஈப்ர நகருக்கருகே ஜெர்மானியப் படை குளோரின் வாயுவைத் திறந்துவிட்டது. அதுவும் காற்றைவிடக் கனமானதால் பதுங்குகுழிகளில் இறங்கியது. நாவலின் முதல் அத்தியாயத்திலேயே, ஐரோப்பியர் டாஸ்மேனியத் தீவின் பழங்குடியினரை அழித்ததை வெல்ஸ் நினைவூட்டுகிறார். நீங்கள் பிறருக்குச் செய்தது உங்களுக்கு நடந்தால் எப்படியிருக்கும் என்பதே அவர் கேள்வி.

அடுத்து வந்தவர்கள் இந்தக் கேள்வியைத் தலைகீழாக்கிவிட்டார்கள். அமெரிக்கரான ராபர்ட் ஹைன்லைன் 1959இல் எழுதிய 'ஸ்டார்ஷிப் ட்ரூப்பர்ஸ்' நாவலில் பகைவன் மண்ணுக்கடியில் வளை தோண்டி வாழும் வேற்றுக் கிரக இனம். படைவீரர்கள் அதற்கு வைத்த பெயர் 'பூச்சி'. அந்த வளைகளுக்குள் நச்சுவாயு செலுத்தப்படுகிறது. ஹைன்லைன் எழுத்தில் வேகம் உண்டு. போர்வீரனின் பயமும் கடமையும் நன்றாகவே வந்திருக்கின்றன. ஆனால் அந்தப் பூச்சியின் பக்கத்திலிருந்து ஒரு பார்வைகூடக் கிடையாது. மூன்று தலைமுறை பூமிக்கடியில் இறங்கி வேலை செய்த ஊர்க்காரன் அதைப் படிக்கும்போது, மனம் தானாகக் குழிக்குள் இருப்பவன் பக்கம்தான் போகும். கெட்ட காற்று கீழேதான் தங்கும் என்பதை மைன்ஸில் வேலை பார்த்தவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

'பூச்சி' என்ற அந்தப் பெயரில்தான் விஷயம் இருக்கிறது. ஹைட்ரஜன் சயனைடை அடிப்படையாகக் கொண்ட சைக்ளோன் பி என்பது முதலில் பூச்சி, பேன் ஒழிக்கும் மருந்தாகவே விற்கப்பட்டது. நாஜிகள் யூத மக்களைப் புழுபூச்சி என்று ஏசினார்கள். பிறகு அந்த மருந்தாலேயே வதை முகாம்களில் லட்சக்கணக்கானோரைக் கொன்றார்கள். விஷவாயுப் போரைத் தடுக்கும் 1925ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கையில் கையெழுத்திட்ட இத்தாலி, 1935-36இல் எத்தியோப்பிய மக்கள் மேல் கடுகு வாயுவைக் கொட்டியது. ஐரோப்பியனுக்கு ஒரு நியாயம், ஆப்பிரிக்கனுக்கு வேறொரு நியாயம். நம் நாட்டிலேயே, பிரிட்டிஷார் காலத்தில் ராவல்பிண்டியில் இந்தியச் சிப்பாய்கள் மேல் கடுகு வாயுவைச் சோதித்துப் பார்த்தார்கள். ஆக, 'வேற ஜென்மம்' என்ற பட்டியலில் யாரை வேண்டுமானாலும் சேர்க்கலாம் என்பதற்கு வரலாறே சாட்சி.

நம் முன்னோர் இதை எப்படிப் பார்த்தார்கள்? புறநானூற்றின் ஒன்பதாம் பாடலில் நெட்டிமையார், பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியின் அறப்போரைப் பாடுகிறார். பசுக்கள், பார்ப்பனர், பெண்டிர், நோயாளிகள், பிள்ளைப்பேறு இல்லாதோர் ஆகியோரை முதலில் பாதுகாப்பான இடத்துக்குப் போகச் சொல்லிவிட்டே அம்பு விடுவானாம். எல்லா மன்னரும் அப்படி நடந்தார்களா என்பது வேறு விஷயம். அம்புக்குக் குறி உண்டு என்பதால் அப்படியொரு அறத்தை நினைக்கவாவது முடிந்தது. வாயுவுக்குக் குறி கிடையாது. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அந்தப் பக்கம் போகும்.

1997இல் நடைமுறைக்கு வந்த வேதியியல் ஆயுதத் தடை ஒப்பந்தம் எந்தச் சூழ்நிலையிலும் இவ்வாயுதத்தைப் பயன்படுத்தக் கூடாது என்கிறது. இந்தியா அதில் சேர்ந்து, தன் கையிருப்பை 2009இல் முழுவதும் அழித்தது. அவ்வொப்பந்தம் நச்சுப்பொருள் என்பதற்கு விளக்கம் கூறுமிடத்தில் மனிதருக்கு மட்டுமன்றி விலங்குகளுக்குக் கேடு செய்வதையும் சேர்த்தே சொல்கிறது. நம் கதாசிரியர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது.

இனித் தமிழுக்கு வருவோம். 1963இல் வந்த 'கலை அரசி' படத்திலேயே எம்.ஜி.ஆர். வேற்றுக் கிரகம் போய்விட்டார். இசை கற்றுத்தரச் சொல்லி பானுமதியைத் தூக்கிப் போனவர்கள் அந்த கிரகத்துக்காரர்கள். நஞ்சுப் பேச்சு அதிலில்லை. 2024 பொங்கலுக்கு வெளியான ஆர்.ரவிகுமாரின் 'அயலான்' படத்தில்தான் நம் கேள்வி நேராக வருகிறது. ஆபத்து இங்கே வானத்திலிருந்து வரவில்லை. பூமியை ஆழமாகத் துளைத்து ஒரு வாயுவை எடுத்துக் காசாக்க நினைக்கும் முதலாளியே ஆபத்து. அதைத் தடுக்க வருபவன்தான் வேற்றுக் கிரகவாசி. விஷவாயுவுக்கும் அயலானுக்கும் உள்ள உறவை இப்படித் திருப்பிப் போட்டது பாராட்டத்தக்கது. வெல்ஸின் கேள்வியைத் தமிழில் மறுபடி கேட்ட படம் என்றே சொல்லலாம்.

குறையும் உண்டு. வில்லன் ஒருவன் தோற்றால் எல்லாம் சரியாகிவிடும் என்று படம் முடிகிறது. துளைத்தவன் போன பிறகு துளைத்த மண் என்னவாகும், அங்கே கூலிக்குத் தோண்டியவன் கதி என்ன என்று அது கேட்கவில்லை. அந்தக் கதை நம்மிடம்தான் இருக்கிறது.

1880 முதல் பிரிட்டிஷ் கம்பெனி இங்கே தங்கம் எடுத்தது. வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் நம் முப்பாட்டன்மார் பிழைப்புத் தேடி வந்தார்கள். கம்பெனிக்கும் உள்ளூருக்கும் அவர்கள் அயலார்தான். அரைத்த பாறைத்தூளைச் சயனைடுக் கரைசலில் கரைத்துத் தங்கத்தைப் பிரித்தார்கள். தங்கம் போயிற்று, தூள் நின்றது. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. நாம் 'சயனைடு மலை' என்று சொல்லும் மேடுகள் பதிமூன்று, மூன்று கோடி டன்னுக்கும் மேல், அப்படியே நிற்கின்றன. காற்றுக் காலத்தில் அந்தத் தூள் லைன் வீடுகளுக்குள் வந்து சோற்றுப் பானையிலும் படிகிறது. சுரங்கத்துக்குள் கல்தூளைச் சுவாசித்தவர்கள் சிலிகோசிஸ் வந்து இருமி இருமியே போனார்கள். இங்கே யாரும் யார் மேலும் போர் தொடுக்கவில்லை. இங்கே இருப்பவர் கணக்கில் வராதவர் என்று நினைத்தது மட்டும்தான் நடந்தது.

தமிழில் 'அயல்' என்றால் வேறு என்றும் பொருள், பக்கம் என்றும் பொருள். 'அண்டை அயல்' என்று அதனால்தான் சொல்கிறோம். அயலான் மேல் ஏவும் நஞ்சு பக்கத்து வீட்டுக்கும் வந்து சேரும். ஆகவே வேற்றுக் கிரகப் போர்க்கதை எதையும் இனிப் படிக்கும்போது, பகைவன் செத்தானா என்பதோடு, அந்த வாயு பிறகு எங்கே போயிற்று என்றும் கேட்கப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவோம். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் தமிழ் விஞ்ஞானக் கதை ஒன்று ராபர்ட்சன்பேட்டையிலிருந்தோ மாரிகுப்பத்திலிருந்தோ வரட்டும். எழுதப் பிள்ளைகள் இருக்கிறார்கள். எழுத வேண்டிய மலையும் ஜன்னலைத் திறந்தால் எதிரே நிற்கிறது.