தொலைநோக்கியும் தவக்குகையும்

ஆலங்காயத்திலிருந்து சவ்வாது மலைமீது ஏறிச்செல்லும் சாலையிலே காவலூர் இருக்கிறது. 1968 முதல் அங்கே வானை ஆராய்ந்து வருகிறார்கள். அங்குள்ள பெரிய தொலைநோக்கியின் ஆடி 2.34 மீட்டர் குறுக்களவு கொண்டது. அதே மலைத்தொடருக்குத் தென்கிழக்கே திருவண்ணாமலை. அங்கே, குன்றின் குகைகளிலே, 1950களில் பிரெஞ்சு நாட்டுத் துறவி ஒருவர் தவம் இருந்தார். ஆன்றி லெ சோ என்பது அவர் பெயர். அபிஷிக்தானந்தர் என்பது இங்கு வந்து பூண்ட பெயர். காவலூரார் கண்ணைத் திறந்து தேடுகின்றனர். அவர் கண்ணை மூடித் தேடினார்.

மூடிய கண்ணுக்குத் தெரிந்ததைப் பற்றி நமக்கென்ன ஆராய்ச்சி, சிரித்துவிட்டுப் போகலாமே என்று தோழர்கள் சிலர் கேட்கக்கூடும். சிரிப்பது எளிது, தோழர்களே! காவலூரில் ஒருவர் கண்டதை இன்னொருவர் கண்டு, சரி என்றோ பிழை என்றோ கூறலாம். இறைவனோடு இரண்டறக் கலந்தேன் என்பவரின் உள்ளத்துக்குள் எந்த ஆடியும் நுழையாது, உண்மை. ஆனால் அவர் எழுதிவைத்த ஏடு இருக்கிறதே! எழுதியவர் யார், எந்தக் காலம், எந்த மொழி, அந்த ஏட்டால் வாழ்ந்தவர் யார், மாண்டவர் யார்? இவற்றை ஆராய அறிவுக்கு எவருடைய அனுமதிச் சீட்டும் வேண்டியதில்லை.

யூதரின் மறைஞான நூல்களிலே தலையாயது ‘சோகார்’. இரண்டாம் நூற்றாண்டு ஞானி சிமியோன் பென் யோகாய் அருளியது என்று நூற்றாண்டுக் கணக்காக நம்பிப் போற்றினர். கெர்சோம் சோலெம் என்ற அறிஞர் அதை எடுத்துவைத்துக்கொண்டு சொல் சொல்லாகச் சோதித்தார். 1925இல் எருசலேமில் ஆற்றிய உரையில், நூல் பழையதாக இருக்கக்கூடும் என்ற பக்கமே சாய்ந்தார். ஆராய ஆராய, அதன் அரமேய மொழியிலே இடைக்கால எபிரேயத்தின் சாயல் தெரிந்தது. பாலஸ்தீனத்தின் ஊர்களும் வழிகளும் அந்நாட்டைக் காணாதவர் எழுதியதுபோல் இருந்தன. 1941இல் வெளியிட்ட நூலில், இது பதின்மூன்றாம் நூற்றாண்டு ஸ்பெயினில் மோசே தெ லெயோன் எழுதியது என்று முடிவு கூறினார். அது ஒரு குழுவின் வேலை என்போரும் பின்னர் வந்தனர். தாம் சொன்னதைத் தாமே மறுக்க அவர் நாணவில்லை. நம் மடாதிபதிகளிலே இதைச் செய்தவர் யார்?

கிறித்தவர் பக்கம் மார்கரெத் போரெத் என்ற பெண்மணி. கடவுளுக்கும் ஆன்மாவுக்கும் நடுவே தரகர் தேவையில்லை என்ற எண்ணம் தொனிக்க நூல் எழுதினார். திரும்பப் பெற மறுத்தார். 1310 சூன் முதல் நாள் பாரிசில் அவரை உயிரோடு கொளுத்தினர்! வேடிக்கை என்னவென்றால், நூல் எரியவில்லை. பெயரில்லாத நூலாக மடந்தோறும் உலவியது. துறவியர் பக்தியோடு படித்தனர். எழுதியவர் அவர்தான் என்பதை 1946இல்தான் ரொமானா குவார்னியெரி என்ற இத்தாலியப் பெண்மணி கண்டுபிடித்தார். கருத்தை வைத்துக்கொண்டு கருத்தைப் பெற்றவளைச் சாம்பலாக்கிய கதையை, ஏட்டை ஆராய்ந்ததால்தான் இன்று அறிகிறோம்.

இந்தக் கண்ணோடு லெ சோ 1965இல் பிரெஞ்சில் வெளியிட்ட ‘இந்து ஞானம், கிறித்தவ மறைஞானம்’ என்ற நூலை நோக்குவோம். தந்தை, மகன், தூய ஆவி என்ற மூன்றும் சத்து, சித்து, ஆனந்தம் என்ற மூன்றும் ஆழத்திலே சந்திக்கின்றன என்பது அதன் சாரம். எழுதியவர் போலி அல்லர். திருச்சபைக்கும் அத்துவைதத்துக்கும் இடையே கிழிபட்ட மனத்தை, 1973இல் அவர் இறந்தபின் வெளிவந்த நாட்குறிப்பு ஒளிக்காமல் காட்டுகிறது. அந்த நேர்மைக்கு வணக்கம்.

ஆனால் அவர் இந்திய ஞானம் எனத் தேடிச் சென்றது முதன்மையாக உபநிடதங்களை. குளித்தலையை அடுத்த தண்ணீர்ப்பள்ளியில் 1950இல் மோன்சானின் பாதிரியாரோடு அவர் நிறுவிய ஆசிரமம் காவி உடுத்தது. 1606இல் மதுரைக்கு வந்த நோபிலி பூண்ட கோலத்தின் தொடர்ச்சிதான். தமிழகக் கத்தோலிக்கரில் பெரும்பகுதியினர் ஒடுக்கப்பட்ட மக்கள். வடக்கன்குளம் தேவாலயத்திலே சாதிக்கு ஒரு பக்கமாகப் பிரித்த சுவர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை நின்றது. ஆன்மாவும் ஆண்டவனும் ஒன்று என்கிறது நூல். சுவரின் இப்புறத்தானும் அப்புறத்தானும் ஒன்றா என்ற கேள்வி அதன் மையத்துக்கு வரவேயில்லை! 1980களில் தலித் இறையியலார்தான் அதை உரக்கக் கேட்டனர்.

ஆலங்காயத்துக்கு அருகே திருப்பத்தூரில் 1921இல் தோன்றிய கிறிஸ்துகுல ஆசிரமத்தின் நினைவு வருகிறது. சவரிராயன் ஏசுதாசன், பாரஸ்டர் பேட்டன் என்ற இரு மருத்துவர்கள், ஒருவர் தமிழர், மற்றவர் வெள்ளையர், சரிசமமாக வாழ்ந்து நோயாளிகளுக்கு மருந்து கொடுத்தனர். அவர்கள் கடவுளை நான் ஏற்கவில்லை. மருந்தை மறுப்பதற்கில்லை.

பிறரைச் சொல்லிவிட்டு நம்மை விட்டுவிடலாமா? சித்தர்களை நாம் மேடைதோறும் முழங்குகிறோம். எந்தப் பாட்டு எந்த நூற்றாண்டு என்று எத்தனை பேர் பார்த்தோம்? அகத்தியர் பெயரால் அச்சேறிய மருத்துவ நூலிலே பறங்கிப்பட்டையின் குணம் பேசப்படுகிறது. பறங்கியர் வருமுன் பறங்கிப்பட்டை என்ற பெயர் எங்கிருந்து வந்தது? சவ்வாது மலை மூலிகைக்குச் சித்தர் பெயர் சூட்டி விற்போரிடம் இதைக் கேட்டுப்பாருங்கள். நம் மேடைப் பேச்சாளரிடமும் கேளுங்கள்.