மிச்ச இடத்தில் ஒரு மாடிப்படி

இங்கிலாந்தில் வீடு போதாமல் போகும்போது பலர் அண்ணாந்து பார்க்கிறார்கள். ஓட்டுக் கூரைக்கும் மேல்தளத்து உட்கூரைக்கும் நடுவே பழைய பெட்டிகளும் தண்ணீர்த் தொட்டியும் கிடக்கும் முக்கோண இடத்தைப் படுக்கையறையாக்குவதே லாஃப்ட் கன்வெர்ஷன். நிபந்தனைகளுக்கு உட்பட்டு, டெரஸ் எனப்படும் வரிசை வீடுகளில் 40 கன மீட்டரும் மற்ற வீடுகளில் 50 கன மீட்டரும் வரை தனியாகத் திட்ட அனுமதி வாங்காமலே கூரையை விரிக்கலாம். ஆனால் கட்டட விதிகளிலிருந்து விலக்கு கிடையாது. லண்டனின் ஈஸ்ட் ஹாமிலும் ஹாரோவிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கும் இது பழகிய வேலைதான். பிள்ளைகள் வளர்ந்தாலோ ஊரிலிருந்து பெற்றோர் வந்தாலோ அடுத்த அறை கூரைக்குள்தான்.

இந்த வேலையில் பேச்சு முழுக்க ஜன்னல், குளியலறை, கட்டில் ஆகியவற்றைச் சுற்றியே நடக்கிறது. இவையெல்லாம் போக மிஞ்சும் இடம்தான் மாடிப்படிக்கு. அறை எவ்வளவு பெரியது என்று அளக்கிறவர்கள், அந்த அறைக்குத் தினமும் யார் ஏறி இறங்கப்போகிறார்கள் என்று கேட்பதில்லை. படி அமைக்கும் வழக்கத்தின் பலமும் பலவீனமும் இந்த ஒரு கேள்வியில் பிரிகின்றன.

முதலில் பலம். பெரும்பாலான ஒப்பந்தக்காரர்கள் புதிய படியை, ஏற்கெனவே உள்ள படிக்கு நேர் மேலே அமைக்கிறார்கள். இது அனுபவத்தில் விளைந்த நல்ல வழக்கம். கீழ்ப்படிக்கு மேலுள்ள வெற்றிடம் வேறெதற்கும் பயன்படாது. அங்கே படி போனால் படுக்கையறை எதுவும் குறுகாது. பழைய டெரஸ் வீடுகள் பலவற்றில் படி வீட்டின் நடுப்பகுதியில் இருக்கிறது. அதன் மேல் ஏறினால், கூரை உச்சிக்குக் கீழே, தலை இடிக்காத இடத்தில் போய்ச் சேரலாம்.

தீப் பாதுகாப்புக்கும் இதுவே பொருத்தம். புதிய தளம் தரையிலிருந்து 4.5 மீட்டருக்கு மேல் அமைந்தால், ஜன்னல் வழியே தப்பலாம் என்பதை விதி ஏற்பதில்லை. லாஃப்டிலிருந்து வாசற்கதவு வரை படியைச் சூழ்ந்த அடைப்பு 30 நிமிடம் தீயைத் தாங்க வேண்டும். அறைகளுக்குத் தீத்தடுப்புக் கதவுகள் வேண்டும். இரண்டு படிகளும் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தால் இந்த அடைப்பு ஒரே குழாயாக இறங்கிவிடும். ஹாலின் சுவரை இடித்துப் படியை வரவேற்பறைக்குள் திறந்துவைத்த வீடுகளில்தான் சிக்கல். அங்கே சுவரைத் திரும்ப எழுப்ப வேண்டும். இல்லையேல் தண்ணீர்த் தெளிப்பான் போன்ற மாற்று ஏற்பாட்டைக் கட்டட விதி அதிகாரி ஒப்புக்கொள்ளும்படி செய்ய வேண்டும்.

ஆனால் எல்லா வீட்டுக்கும் இந்த வழி ஒத்துவராது. 1930களில் கட்டிய செமி டிடாச்ட் எனப்படும், ஒரு பக்கம் மட்டும் அடுத்த வீட்டோடு ஒட்டிய வீடுகளில் படி பெரும்பாலும் வெளிப் பக்கச் சுவரை ஒட்டிப் போகும். கூரை சரிந்து தாழ்வதும் அதே பக்கம்தான். பக்கக் கூரையைச் செங்குத்துச் சுவராக உயர்த்தினால் ஒழிய அங்கே தலைக்கு உயரம் கிடைக்காது. ஆக, அந்த வீடுகளில் கூரையின் வடிவத்தைத் தீர்மானிப்பதே படிதான். அதைக் கடைசியில் யோசிப்பவர் வரைபடத்தை இரண்டாம் முறை வரைய நேரிடும்.

இனிப் பலவீனம். படி எங்கே என்பதைச் சரியாக முடிவுசெய்பவர்கள், எப்படிப்பட்ட படி என்பதில் சறுக்குகிறார்கள். வீட்டுப் படிக்கு இங்கிலாந்து விதியின் உச்சவரம்பு 42 பாகைச் சரிவு. ஒவ்வொரு ஏற்றத்தின் உயரமும் 220 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. கால் வைக்கும் மிதி 220க்குக் குறையக் கூடாது. இரண்டு எல்லைகளையும் ஒருசேரத் தொட்டால் சரிவு 45 பாகை ஆகிவிடும் என்பதால் அதற்கும் இடமில்லை. எல்லை என்று எழுதியதையே இலக்காக எடுத்துக்கொள்வதுதான் இந்தத் தொழிலின் குறை.

தளத்துக்குத் தளம் 2.6 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 200 மி.மீ. உயரத்தில் 13 ஏற்றம், 223 மி.மீ. மிதி என்றால் நேர்ப்படியின் நீளம் ஏறத்தாழ 2.68 மீட்டர். சரிவு 42 பாகையை ஒட்டி நிற்கும். ஒரே ஒரு ஏற்றத்தைக் கூட்டி 14 ஆக்கி, மிதியை 235 ஆக்கினால் நீளம் 3.06 மீட்டர்; சரிவு 38 பாகை. கூடுதலாகக் கேட்பது 38 சென்டிமீட்டர். 15 ஏற்றமும் 250 மி.மீ. மிதியும் கொடுத்தால் நீளம் 3.5 மீட்டர், சரிவு 35 பாகைக்கும் கீழே. ஆறு, ஆறரை அங்குல உயரத்துக்குப் பத்து அங்குல மிதி என்ற கணக்கில் பழகிய ஊர்ப் பெற்றோரின் முழங்கால் இந்த மூன்றையும் உடனே வேறுபடுத்திச் சொல்லும்.

விதியில் இன்னொரு சோதனையும் உண்டு. உயரத்தின் இருமடங்கோடு மிதியைக் கூட்டினால் 550க்கும் 700க்கும் இடையில் வர வேண்டும். 17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரரான பிரான்சுவா ப்ளோண்டெல் நடையின் நீளத்தை வைத்து வகுத்த கணக்கின் வழிவந்தது இது. மேலே சொன்ன மூன்றில் மிகவும் செங்குத்தான படியும் இதில் 623 பெற்றுத் தேறிவிடும். சூத்திரம் நடையின் தாளத்தைப் பார்க்கிறது. நடப்பவரின் வயதைப் பார்ப்பதில்லை.

தலை இடிக்காமலிருக்க வேண்டிய இடமும் அப்படித்தான். வழக்கமாக மிதியிலிருந்து மேலே 2 மீட்டர் வேண்டும். லாஃப்டுக்கு மட்டும் படியின் நடுவில் 1.9, சரியும் ஓரத்தில் 1.8 வரை சலுகை உண்டு. சலுகை இல்லாவிட்டால் பல பழைய வீடுகளில் வேலையே நடக்காது என்பது நியாயம். கொஞ்சம் நகர்த்தினால் 2 மீட்டர் கிடைக்கும் இடத்திலும் 1.9க்கே வரைவது சோம்பல்.

இடது காலுக்கு ஒன்று, வலது காலுக்கு ஒன்று என மிதிகளை மாற்றி மாற்றி வெட்டிய படி இந்தச் சிக்கனத்தின் கடைசி எல்லை. வேறு வழியில்லாதபோது, ஓர் அறைக்கும் அதனோடு சேர்ந்த குளியலறைக்கும் மட்டுமே விதி இதை ஏற்கிறது. இருபுறமும் கைப்பிடி கட்டாயம். ஏறுவது பழகிவிடும். நள்ளிரவில், கையில் குழந்தையோடு, முதல் அடி எந்தக் காலில் என்று யோசித்து இறங்குவதுதான் ஆபத்து. வேலை செய்யும் அறைக்கு இதை ஏற்கலாம். முதியவரின் படுக்கையறைக்குக் கூடாது.

வழக்கத்தை முழுவதும் தள்ள வேண்டியதில்லை. படியின் மேல் படி என்ற முறை நிற்கட்டும். மாற வேண்டியது வேலையின் வரிசை. கூரை, ஜன்னல், குளியலறை எதையும் குறிக்கும் முன்பு படியை அதன் முழு நீளத்தோடும் தலையிடத்தோடும் வரையச் சொல்ல வேண்டும். விதியின் எல்லையில் ஒன்று, அதைவிட ஓர் ஏற்றம் கூட்டி ஒன்று என இரண்டு வரைபடம் கேட்டால், 38 சென்டிமீட்டர் எந்த அலமாரியிலிருந்து போகிறது என்பது காகிதத்திலேயே தெரிந்துவிடும். அலமாரியை இழக்க மனமில்லாதவர்கள், அந்த அறையில் பெற்றோரைத் தங்கவைக்கும் எண்ணத்தையாவது விட்டுவிட வேண்டும்.