ஞாயிற்றுத் தொலைக்காட்சியும் பட்டிமண்டபமும்

மணிமேகலையின் விழாவறை காதையில், இந்திரவிழாவை முரசறைந்து அறிவிப்போன் சமயவாதிகளைப் பட்டிமண்டபம் ஏறுமாறு அழைக்கின்றான். அவ்வழைப்பை அடுத்தே, பகைவரோடாயினும் பூசலிடாது விலகிச் செல்லுமாறும் கூறுகின்றான். முன்னதைக் காட்டுவார் பலர். பின்னதை நினைப்பார் சிலர். தொலைக்காட்சி விவாதங்களை ஆராயப் புகுந்த யாம் பின்னதையே உரைகல்லாகக் கொள்கின்றோம்.

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்டு 15இல் தொடங்கிற்று. எனினும் விடுமுறை நாளும் விவாதமும் பிணைந்தமை 1993இல் சன் தொலைக்காட்சி தோன்றிய பின்னரே எனலாம். ஞாயிறு காலைகளில் விசு நடத்திய 'அரட்டை அரங்கம்' ஊர்தோறும் சென்று பொதுமக்களைப் பேசவைத்தது. 2006இல் தொடங்கிய விஜய் தொலைக்காட்சியின் 'நீயா நானா' இரு சாராரை எதிரெதிரே அமர்த்திற்று. இவையெல்லாம் பட்டிமண்டபத்தின் வழிவந்தன என்பர். அது முற்றும் பொருந்தாது. கம்பன் கழகங்கள் வளர்த்த பட்டிமன்றத்தில் ஒருவர் எடுக்கும் அணி அவர் ஏற்ற வேடமே; இன்று கண்ணகியைப் போற்றியவர் நாளை மாதவிக்காக வழக்காடலாம். ஆதலின் தோல்வி அவரைச் சுடுவதில்லை. நடுவரும் அச்சமின்றித் தீர்ப்புரைக்கின்றார். 'நீயா நானா'விலோ மாமியார் மாமியாராகவே அமர்கின்றார். அவர் வாழ்வுக்கு யார் தீர்ப்புரைப்பது? கட்சி விவாதங்களின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. வினா எழுமுன்னரே விடை கட்சி அலுவலகத்தில் முடிவாகிவிடுகின்றது. அங்கு நெறியாளர் நடுவர் அல்லர், நேரத்தைப் பங்கிடுபவரே.

இவ்வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று என்பதைக் கோவை காட்டிற்று. 2018 ஜூனில் புதிய தலைமுறை தொலைக்காட்சி இந்நகரக் கல்லூரி அரங்கொன்றில் 'வட்டமேசை விவாதம்' நிகழ்த்தியது. தொடரும் போராட்டங்கள் எதன்பொருட்டு என்பதே வினா. இயக்குநர் அமீரின் பேச்சுக்கு அவையில் எதிர்ப்பு எழுந்து குழப்பம் விளைந்தது. பின்னர்க் காவல்துறை அவர்மீது மட்டுமன்றித் தொலைக்காட்சியின்மீதும் வழக்குப் பதிந்தது. பத்திரிகையாளர் அமைப்புகள் அதனைக் கண்டித்தன. மேடை இட்டவரையே குற்றவாளியாக்குதல் முறையன்று என்பதில் எமக்கு ஐயமில்லை. ஆயினும் மேடையின் அமைப்பும் குறையுடையதே. பேசுவோரும் கேட்போரும் கட்சிகளாகவே அமர்ந்துவிட்டால், சொல்லைச் சொல்லாகக் கேட்பதற்கு அவையில் எவரும் எஞ்சுவதில்லை.

பிரிட்டனில் 1972 முதல் 1988 வரை ஞாயிறு நண்பகலில் ஒளிபரப்பாகிய 'வீக்எண்டு வேர்ல்டு' வேறுவழி கண்டது. அதனை 1977 முதல் 1986 வரை நடத்திய பிரையன் வால்டன், அரசியல் தலைவர் ஒருவரை எதிரே அமர்த்தி, ஒரே பொருளை நெடுநேரம் துருவிக் கேட்பார். அங்கு எதிரணி இல்லை. விடையின் உள்முரணே எதிரணியாயிற்று. நம் தொலைக்காட்சிகள் நால்வரை அமர்த்தி நான்கு கட்சிகளையும் நிறைவுசெய்வதில் காட்டும் அக்கறையை, ஒருவரை முழுதும் கேட்பதில் காட்டுவது அரிது.

பூசலின்றி மறுத்தல் நம்மவர்க்குப் புதிதன்று. கொங்கு வழக்கில் மறுப்போரும் 'இல்லைங்க' என்றே மறுப்பர். யாம் கண்டவரை, விவாதத்திற்குச் செல்லும் இப்பகுதிப் பேச்சாளர் பலர் முதல் விளம்பர இடைவேளைக்குள் அந்த 'ங்க'வை இழந்துவிடுகின்றனர்.