தகப்பன் பெயர் என்னும் கட்டம்

தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிப்போன கப்பல்களின் பயணிப் பதிவேட்டில் ஒவ்வொரு ஆளுக்கும் முதலில் ஓர் எண். அதற்குப் பிறகுதான் பெயர். அடுத்த கட்டம் தகப்பன் பெயர். பிறகு வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் உள்ள அடையாளம். 1860 அக்டோபர் 12இல் சென்னையிலிருந்து புறப்பட்ட ‘ட்ரூரோ’ கப்பல் நவம்பர் 16இல் டர்பனை அடைந்தது. அன்று தொடங்கி 1911 வரை 1,52,184 பேர் இப்படி எண்ணிடப்பட்டு எழுதப்பட்டார்கள். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சென்னையில் கப்பலேறியவர்கள்.

பூட்டன் யார், அவருடைய தகப்பன் யார், எந்த ஊர் என்று தேடும் தென்னாப்பிரிக்கத் தமிழ்க் குடும்பங்கள் கடைசியில் வந்து நிற்பது இந்த ஏட்டின் முன்தான். மொரீஷியஸ்காரர்களுக்கு மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தின் ஆவணக் காப்பகம் இருக்கிறது. பிஜிக்காரர்களுக்குக் குடிபெயர்வுச் சீட்டுகள். தேடும் முறை எங்கும் ஒன்றுதான்: எண்ணைப் பிடித்து, வரியைக் கண்டுபிடித்து, அதில் இருக்கும் தகப்பன் பெயரைக் குடும்ப மரத்தில் ஒரு படி மேலே ஏற்றிவிடுவது. முதல் இரண்டு வேலைகளிலும் எனக்குப் பெரிய மதிப்பு உண்டு. மூன்றாவதில்தான் தடுக்கி விழுகிறோம்.

இந்த ஏட்டின் அருமையை முதலில் சொல்லிவிட வேண்டும். 1870களில் செங்கல்பட்டிலோ வட ஆற்காட்டிலோ வாழ்ந்த நிலமில்லாத ஒரு கூலியைப் பற்றி ஊரில் என்ன எழுத்து இருக்கும்? பட்டா கிடையாது. பத்திரம் கிடையாது. பிறப்பைப் பதிவதை நாடு முழுமைக்கும் ஒரே சட்டமாகக் கட்டாயமாக்கியதே 1969இல்தான். ஊரோடு தங்கிவிட்ட தம்பி சுவடில்லாமல் மறைந்துபோனார். கப்பலேறிய அண்ணனுக்கு இடது முழங்காலில் தழும்பு இருந்தது என்பதுவரை நமக்குத் தெரிகிறது. அண்ணன்மேல் இருந்த அக்கறையால் யாரும் அதை எழுதவில்லை. தோட்டத்தைவிட்டு ஓடினால் அடையாளம் கண்டு பிடித்து வருவதற்காக எழுதினார்கள். அந்தக் கொடுமையான நோக்கத்தால்தான் இன்று ஒரு பேரப்பிள்ளையால் தன் ஊரின் பெயரைச் சொல்ல முடிகிறது.

இதிலேயே ஏட்டை வாசிக்கும் வழியும் இருக்கிறது. தழும்பைக் குமாஸ்தா கண்ணால் பார்த்தார். உயரத்தை அளந்து பார்த்தார். தகப்பன் பெயரைக் காதால் கேட்டார், அவ்வளவுதான். ஒரே வரியில் பக்கத்துப் பக்கத்துக் கட்டத்தில் ஒரே மையில் எழுதியிருப்பதால் இரண்டும் ஒரே தரமான சான்று என்று நமக்குத் தோன்றிவிடுகிறது.

இந்த ஏடுகளில் வரக்கூடிய மாதிரியில் மூன்று வரிகளைக் கண்முன் நிறுத்திப் பார்ப்போம். ஓர் ஆண், வயது 28. அடுத்த எண்ணில் ஒரு பெண், வயது 22. வேறு ஜில்லா, வேறு சாதி. அதற்கடுத்த எண்ணில் இரண்டு வயது ஆண் குழந்தை. தகப்பன் பெயர் கட்டத்தில் மேலே இருக்கும் ஆணின் பெயர். மூவரும் ஒரு குடும்பம், வழக்கு முடிந்தது என்று பலரும் ஏட்டை மூடிவிடுவார்கள். நான் அந்த ஜில்லாப் பெயர்களில் நின்றுவிடுவேன். வெவ்வேறு ஜில்லாக்களிலிருந்து வந்த இருவர் எங்கே சேர்ந்தார்கள்? கப்பலேறும்வரை கூலிகளைத் தங்கவைத்த சென்னை டிப்போவிலாக இருக்கலாம். 100 ஆண்களுக்கு 40 பெண்கள் இருந்தால்தான் கப்பல் போகலாம் என்று விதி வந்தபிறகு, தனியாக வந்த பெண்ணை ஆள் பிடிப்பவர்கள் விரட்டவில்லை, தேடினார்கள். துணையில்லாமல் கடல் கடக்க அஞ்சிய பெண்ணும், தனியாக வந்த ஆணும் டிப்போவிலேயே கணவன் மனைவியாகப் பெயர் கொடுத்துக்கொண்டதுண்டு. அப்போது கையில் இருந்த குழந்தை யாருடையது? பெற்ற தகப்பன் ஊரில் இறந்திருக்கலாம், விட்டுப் போயிருக்கலாம். ஏட்டில் இருப்பவர் வளர்த்த தகப்பன். அவர் அந்தக் குழந்தைக்குத் தன் பெயரைக் கொடுத்தார் என்பது உறுதியான செய்தி. பெற்றாரா என்பது இந்த மூன்று வரியில் இல்லை.

பெயர் எழுதப்பட்ட விதம் இன்னொரு சிக்கல். தமிழ் தெரியாத காதும் ஆங்கில எழுத்தும் சேர்ந்து முனுசாமியை மூன்சாமி ஆக்கின. முதலியார் மூட்லி ஆனார், கவுண்டர் கோவெண்டர் ஆனார். நேட்டாலில் தகப்பனின் பெயர் குடும்பப் பெயராக உறைந்துபோனதும் உண்டு. ஊரில் இல்லாத சாதிப் பட்டத்தை அக்கரையில் சூட்டிக்கொண்டதும் உண்டு. ஆகவே குடும்பப் பெயரைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறுகிறவர் தனக்குச் சம்பந்தமில்லாத வேறொரு மரத்தில் ஏறிவிட வாய்ப்பு மிக அதிகம்.

கரையேறிய பிறகு பிறந்த குழந்தைகளின் கதை இன்னும் வருத்தமானது. கோயிலில் வைத்துத் தாலி கட்டியிருந்தாலும், இந்தியக் குடியேறிகளின் பாதுகாவலர் அலுவலகத்தில் பதியாத ஒப்பந்தக் கூலியின் திருமணம் அரசின் கணக்கில் திருமணமே இல்லை. 1913இல் கேப் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி சேர்ல் தந்த தீர்ப்பு, பலதார மணத்தை அனுமதிக்கும் சமய முறைப்படி நடந்த திருமணங்களைச் சட்டத்துக்கு வெளியே தள்ளியது. பெண்கள் காந்தியின் சத்தியாக்கிரகத்தில் இறங்க அதுவும் ஒரு காரணம். 1914இன் இந்தியர் நிவாரணச் சட்டம் வந்துதான் நிலைமை கொஞ்சம் மாறியது. அதற்கு முந்தைய பதிவொன்றில் ‘முறையற்ற பிறப்பு’ என்று பார்த்துவிட்டு, பாட்டியைப் பற்றி வாயை மூடிக்கொள்ளும் குடும்பங்களுக்கு இதைச் சொல்ல விரும்புகிறேன்: அந்தச் சொல் உங்கள் பாட்டியின் நடத்தையைப் பற்றியது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்தக் காலத்துச் சட்டத்தின் குறை அங்கே அவர் பெயருக்கு எதிரே எழுதப்பட்டிருக்கிறது.

மரபணுச் சோதனை வந்துவிட்டதே, இனி என்ன சந்தேகம் என்று கேட்கலாம். அமெரிக்காவின் ஜனாதிபதியாக இருந்த தாமஸ் ஜெபர்சன், அவரிடம் அடிமையாக இருந்த சாலி ஹெமிங்ஸ் ஆகியோரின் வழக்கு இதற்குச் சரியான பாடம். சாலியின் மகன் மேடிசன், ஜெபர்சன்தான் தன் தந்தை என்று 1873இலேயே ஒரு செய்தித்தாளில் சொன்னார். வரலாற்றாசிரியர்களில் பெரும்பாலோர் ஏற்கவில்லை. 1998இல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஆய்வு, ஜெபர்சனின் சித்தப்பன் பெரியப்பன் வழி ஆண் வாரிசுகளின் ஒய் குரோமோசோமும், சாலியின் இளைய மகன் எஸ்டனின் ஆண் வாரிசுடையதும் ஒத்திருப்பதைக் காட்டியது. ஆனால் அது காட்டியது ‘ஜெபர்சன் குடும்பத்து ஆண் ஒருவர்’ என்பதை மட்டும். எந்த ஆண் என்பதை முடிவு செய்ய, ஒவ்வொரு பிரசவத்துக்கும் ஒன்பது மாதம் முன்பு ஜெபர்சன் மான்டிசெல்லோ வீட்டில் இருந்தார் என்ற குறிப்புகளும் மேடிசனின் சொல்லும் தேவைப்பட்டன. வீட்டுப் பேச்சு, ஏடு, இரத்தம் மூன்றும் ஒரே திசையைக் காட்டியபோதுதான் வழக்கு நின்றது.

நம் குடும்பங்களில் இரத்தச் சான்று இன்னும் குழப்பும். அத்தை மகள், மாமன் மகன் என்று தலைமுறை தலைமுறையாக உறவுக்குள்ளேயே கட்டியவர்கள் நாம். அதனால் தூரத்து உறவும் சோதனையில் கிட்டத்து உறவுபோலத் தெரியும். சோதனை முடிவில் வரும் ‘மூன்றாம் தலைமுறைச் சொந்தம்’ என்ற வாக்கியத்தை அப்படியே நம்பி மரம் வரைந்துவிடக் கூடாது.

ஆக, இந்தத் தேடலைக் கைவிடச் சொல்கிறேனா? இல்லவே இல்லை. ஒரு வரியை மட்டும் படிப்பதைக் கைவிடச் சொல்கிறேன். மேலேயும் கீழேயும் பத்து எண்களைப் படியுங்கள். ஒரே கிராமத்தார் அடுத்தடுத்து நின்றிருப்பார்கள். யாரை எந்தத் தோட்டத்துக்கு அனுப்பினார்கள் என்று பாருங்கள். பிஜிச் சீட்டில் நெருங்கிய உறவினர் பெயருக்குத் தனி இடம் உண்டு. அதைத் தகப்பன் பெயரோடு ஒப்பிடுங்கள். வீட்டில் வயதான பெண்கள் இருந்தால் ஏட்டுக்கு முன் அவர்களிடம் போய் உட்காருங்கள். மரத்தில் எழுதும்போது ‘தகப்பன்’ என்று எழுதாமல் ‘பதிவில் சொல்லப்பட்ட தகப்பன்’ என்று எழுதுங்கள். அந்த மூன்று சொற்கள் எந்தக் குடும்பத்துக்கும் இழுக்கில்லை.

நேட்டால் ஏட்டில் தாயின் பெயருக்குக் கட்டமே இல்லை. கைக்குழந்தையோடு கப்பலேறிய பெண்ணை, அவளுடைய எண்ணுக்கு அடுத்து வரும் குழந்தையின் எண்ணை வைத்துத்தான் கண்டுபிடிக்க முடியும். அந்தத் தாயின் எண்ணைக் கண்டால், மரத்தில் முதலில் அதை எழுதிவிட்டு மற்றதைத் தேடுங்கள்.